எத்தனையில் இருக்கிறோம்? ஸ்பெயின் நாள்குறிப்பு

அக்டோபர் 12, சனி. மாட்ரிட்

ஸ்பெயினின் தேசிய நாளன்று வந்து இறங்கியிருக்கிறோம், நானும் அக்காவும். 1492 இல் கொலம்பஸின் கப்பல்கள் கரீபியத் தீவு ஒன்றில் கரை சேர்ந்த தேதி இது. காலை அணிவகுப்பு முடிந்திருந்தது. பால்கனிகளில் கொடிகள் தொங்கின. எங்கள் விடுதித் தெருவில் சின்னக் கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

இந்தப் பயணத்தில் எனக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறேன். போகும் இடமெல்லாம் இன்று என்ன நாள், என்ன தேதி என்று ஸ்பானிஷில் கேட்பது. மாலை வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிடும் கேள்விதான். ஆனால் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிப் பதில்தான் இருக்கும். ஊருக்குள் கேட்டால் பதிலோடு ஊரும் சேர்ந்து வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

முதலில் விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "கே தியா எஸ் ஓய்?" இன்று என்ன நாள்?

"சாபாதோ," என்றார். சனிக்கிழமை.

நாம் கிழமையைத் தனியாகவும் தேதியைத் தனியாகவும் கேட்கிறோம். இங்கே 'தியா' இரண்டுக்கும் பொது. பேச்சு வழக்கில் அதற்குப் பெரும்பாலும் கிழமைதான் பதிலாக வரும். தேதி வேண்டுமென்றால் வேறு கேள்வி இருக்கிறது: "ஆ குவான்தோஸ் எஸ்தாமோஸ்?" எத்தனையில் இருக்கிறோம் என்று பொருள். அதையும் கேட்டேன்.

"எஸ்தாமோஸ் ஆ தோஸே. எல் பிலார்!" பன்னிரண்டில் இருக்கிறோம், பிலார் திருநாள்.

'கே ஃபெச்சா எஸ் ஓய்' என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. படிவம் நிரப்பும் இடத்துக்கும் வகுப்பறைக்கும் ஏற்றது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே தேதிக்குள் நிற்பதாக அது வைத்துக்கொள்கிறது.

பிலார் என்பது சரகோசா நகரத்து மாதாவின் பெயர். ஸ்பெயினில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதரோ ஒரு மாதாவோ உண்டு. அந்தப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு அது பெயர்த் திருநாள். அந்தப் பெண்ணின் அம்மா பெயரும் பிலாராம். காலையிலிருந்து உறவுக்காரர்கள் வரிசையாகப் போனில் கூப்பிட்டு வாழ்த்துகிறார்களாம். மார்ச் 19 புனித யோசேப்பு நாளென்றால் எல்லா ஹோசேக்களுக்கும் பெப்பேக்களுக்கும் வாழ்த்து போகும். தேதி தெரியாமல் இருப்பது இங்கே சில வீடுகளில் மரியாதைக் குறைவு.

அக்காவுக்கு இன்று வேறு கணக்கு. "புரட்டாசிச் சனிடா. முட்டை கூடக் கிடையாது," என்று விமானத்திலேயே சொல்லிவிட்டாள். ஸ்பானிஷ் ஆம்லெட் அதோடு போயிற்று. தக்காளியைத் துருவித் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டி, உப்புத் தூவிப் பொரித்த சின்னப் பச்சை மிளகாய், பழம். அக்கா மிளகாயை மட்டும் இன்னொரு தட்டு கேட்டாள்.

இரவு புவெர்தா தெல் சோல் சதுக்கம். பழைய அஞ்சல் மாளிகையின் உச்சியில் 1866 இல் இயங்கத் தொடங்கிய கடிகாரம் இருக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவில் நாடே இதன் மணியோசைக்குப் பன்னிரண்டு திராட்சை தின்கிறது. நான் போனது அந்த மாளிகைச் சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டுகளுக்காக. ஒன்று 1808 மே 2 அன்று நெப்போலியன் படைக்கு எதிராக எழுந்த மாட்ரிட் மக்களுக்கு. இன்னொன்று 2004 மார்ச் 11 அன்று ரயில்களில் வெடித்த குண்டுகளுக்குப் பலியானவர்களின் நினைவுக்கும், அன்று ஓடி வந்து உதவியவர்களுக்கும்.

இங்கே தேதியே நிகழ்ச்சியின் பெயராகிவிடுகிறது. மே இரண்டு என்று ஒரு சதுக்கம். '11-எம்' என்றால் அந்த ரயில் குண்டுவெடிப்பு; எம் என்பது மார்சோ, மார்ச். '23-எஃப்' என்றால் 1981 பிப்ரவரி 23 அன்று நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ராணுவக் கலகம். '15-எம்' என்றால் 2011 மே 15 இல் இந்தப் புவெர்தா தெல் சோலில் கூடாரம் போட்டு உட்கார்ந்த இளைஞர்கள்; இங்கே எம் என்பது மாயோ, மே. ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். எண்ணும் மாதத்தின் முதலெழுத்தும் போதும், பேச்சு நின்றுவிடும்.

அக்டோபர் 13, ஞாயிறு. மாட்ரிட்

எல் ராஸ்த்ரோ சந்தை ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் கூடுகிறது. காஸ்கோர்ரோ சதுக்கத்தில் தொடங்கிச் சரிவாக இறங்கும் தெரு முழுக்கக் கடைகள். பிற்பகல் மூன்று மணிக்குள் எல்லாம் மூட்டை கட்டிவிடும். பத்து மணிக்கே தோளோடு தோள் உரசும் கூட்டம்.

பழைய புத்தகமும் அஞ்சலட்டையும் விற்பவரிடம் நான் தேடி வந்தது கிடைத்தது: சரகோசா நாள்காட்டி, 'கலந்தாரியோ சரகோசானோ'. 1840 இல் மரியானோ காஸ்தீயோ தொடங்கியது, இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. மெல்லிய தாளில் சின்னப் புத்தகம். எந்தத் தேதிக்கு எந்தப் புனிதர், நிலவு எந்தக் கட்டத்தில், எந்த ஊரில் என்று சந்தை, எந்த வாரம் மழை வரும் என்பது வரைக்கும் உள்ளே இருக்கிறது. அக்கா இரண்டு பக்கம் புரட்டினாள். "இது பாம்புப் பஞ்சாங்கம்டா. ராகு காலம்தான் இல்லை," என்றாள். அவளுக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்தின் அமைப்பைப் பார்த்தே கண்டுகொண்டாள். விற்பவரிடம் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். தன் தாத்தா இதைப் பார்க்காமல் ஒரு விதைகூட நட்டதில்லை என்றார்.

பக்கத்துக் கடைக் கதவில் வேலை நேரப் பலகை. ஆங்கிலம் பழகிய கண் அதில் ஒரு நொடி நிற்கும். எல், எம், எக்ஸ், ஜே, வி, எஸ், டி என்று ஏழு எழுத்து. லூனெஸ், மார்த்தெஸ், மியெர்கோலெஸ், ஹுவெவெஸ், வியெர்னெஸ், சாபாதோ, தொமிங்கோ. செவ்வாயும் புதனும் இரண்டும் எம்மில் தொடங்குவதால் புதனுக்கு எக்ஸ் கொடுத்துவிட்டார்கள். வண்டி நிறுத்தும் பலகை, பேருந்து அட்டவணை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் இதே எக்ஸ்தான். வாரம் திங்களில் தொடங்குகிறது. ஞாயிறு கடைசிக் கட்டம்.

பிற்பகல் கடற்படை அருங்காட்சியகம். ஹுவான் தெ லா கோசா 1500 இல் வரைந்த உலக வரைபடம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கா பச்சை நிறத்தில், பாதி ஊகமாக. அதன் முன் வெகுநேரம் நின்றோம். அக்காவுக்கு நான் சொன்ன கதை அந்த வரைபடத்துக்குப் பின் வந்தது.

ஸ்பானிஷ் வரலாற்றில் 'இன்று என்ன நாள்' என்ற கேள்வி ஒரு தடவை உலகத்தையே அசைத்திருக்கிறது. 1519 இல் மகெல்லன் தலைமையில் ஐந்து கப்பல்கள் மேற்கு நோக்கிக் கிளம்பின. மகெல்லன் பிலிப்பைன்ஸில் இறந்துபோனார். மீந்தது 'விக்டோரியா' என்ற ஒரே கப்பல். அதை எல்கானோ என்ற பாஸ்க் மாலுமி இந்தியப் பெருங்கடல் வழியாக, ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுவந்தார். 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளுக்கு வந்தபோது தின்ன ஒன்றுமில்லை. அது போர்ச்சுகீசியர் இடம், பகைவர் கரை. அரிசி வாங்கப் படகில் ஆட்களை அனுப்பினார்கள். அனுப்பும்போது, கரையில் இன்று என்ன கிழமை என்று கேட்டு வரச் சொன்னார்கள்.

அவர்கள் வந்து சொன்ன பதில்: வியாழன்.

கப்பலில் அன்று புதன்.

பிகாஃபெட்டா என்ற இத்தாலியர் அந்தப் பயணம் முழுக்க நாள்குறிப்பு எழுதி வந்தவர். எனக்கு உடம்பு கெடவே இல்லை, ஒரு நாளும் விடாமல் எழுதினேன், எப்படித் தவறும் என்று திகைக்கிறார். அவர் கணக்கில் தவறே இல்லை. சூரியன் போகும் திசையிலேயே உலகத்தைச் சுற்றி வந்ததால் அவர்களுக்கு ஒரு சூரிய உதயம் குறைந்திருந்தது. உலகைச் சுற்றினால் நாள் மாறும் என்று வாழ்ந்து கண்ட முதல் மனிதர்கள் அவர்கள். செப்டம்பர் 6 அன்று ஸ்பெயின் கரையில் அந்தக் கப்பலோடு வந்து சேர்ந்தவர்கள் 18 பேர்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் சனிக்கிழமைல இருந்திருக்காங்களே, பாவம்," என்றாள். உண்மைதான். வெள்ளியன்று இறைச்சி தவிர்ப்பது கத்தோலிக்க வழக்கம். அந்தக் கப்பல்காரர்கள் மாதக்கணக்கில் கரையின் வெள்ளியன்று வியாழன் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். பசியில் தோல் வாரை ஊறவைத்துத் தின்றவர்களுக்கு ஊர் வந்து சேர்ந்ததும் இந்தக் கவலையும் இருந்தது.

ஸ்பானிஷ் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸ் அந்த ஒரு நாள் பின்னடைவை மூன்று நூற்றாண்டு சுமந்தது. அமெரிக்கா வழியாகவே அங்கு கப்பல் போனதால் மணிலா அக்கம்பக்கத்து ஆசிய ஊர்களுக்கு ஒரு நாள் பின்னால் இருந்தது. கடைசியில் 1844 டிசம்பர் 31 என்ற செவ்வாய்க்கிழமையையே எடுத்துவிட்டார்கள். திங்கள் இரவு படுத்த மணிலா புதனன்று, 1845 ஜனவரி 1 அன்று எழுந்தது.

வெளியே வந்தபோது மணி ஏழு தாண்டியிருந்தது. நமக்கும் மாட்ரிட்டுக்கும் இப்போது மூன்றரை மணி நேரம். இரவு எட்டரை ஆனால் ஊரில் திங்கட்கிழமை பிறந்துவிடும். அதற்குள் பேசிவிட வேண்டும் என்று அக்கா அத்தானுக்குப் போன் போட்டாள்.

அக்டோபர் 14, திங்கள். அவிலா

'லூனெஸ் செர்ராதோ'. எங்கே பார்த்தாலும் இந்தப் பலகை. திங்கள் விடுமுறை. ஸ்பெயினில் நிறைய அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடிவிடும். பயணத் திட்டம் போடுபவர்கள் தேதியை விடக் கிழமையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'எல் லூனெஸ்' என்றால் இந்தத் திங்கள். 'லோஸ் லூனெஸ்' என்றால் திங்கள்தோறும். சொல் மாறுவதில்லை, முன்னால் நிற்கும் குட்டிச் சொல்தான் மாறுகிறது. சனிக்கும் ஞாயிறுக்கும் மட்டும் கடைசியில் ஒரு 'ஸ்' சேரும். பலகையில் 'லோஸ்' இருந்தால் அடுத்த திங்கள் வந்தாலும் கதவு திறக்காது.

அவிலாவின் மதில் திங்களைப் பார்ப்பதில்லை. மாட்ரிட்டிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில். கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டரைத் தாண்டிய ஊர், அக்டோபரிலேயே காற்று குளிர்ந்து அறைகிறது. சுமார் இரண்டரை கிலோமீட்டர் மதில், எண்பதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள், ஒன்பது வாயில்கள். 11, 12 ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது. அக்கா மேலே ஏறவில்லை. நான் ஏறி நடந்தேன்.

நாளை 16 ஆம் நூற்றாண்டுத் துறவியான புனித தெரசாவின் திருநாள், அவர் பிறந்த ஊர் இது. ஊரில் யாரும் தெரசா என்று சொல்வதில்லை. 'லா சாந்தா', அந்தப் புனிதை. அவ்வளவுதான். கடைகளில் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்த்து உருட்டிய 'யேமா' பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேலும் அவர் பெயர்.

மதிய உணவு மதிலுக்கு வெளியே ஒரு சின்ன பாரில். சுவரில் தாள் கிழிக்கும் நாள்காட்டி, 'தாக்கோ' என்கிறார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கட்டு. நடுவில் பெரிய எண், கீழே கிழமை, அதற்குக் கீழே புனிதர் பெயர், ஓரத்தில் சூரிய உதயமும் நிலவும். ஞாயிறு சிவப்பு, மற்ற நாள் கறுப்பு. சுவரில் இன்னும் சிவப்பு 13 தொங்கியது. முதலாளி அறுபது வயதுக்காரர், காபி இயந்திரத்தின் முன் நின்றார்.

"ஆ குவான்தோஸ் எஸ்தாமோஸ், செஞோர்?"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "பதினான்கில்," என்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய் 13 ஐக் கிழித்தார். தாளைக் கசக்காமல் பின்புறத்தைப் படித்தார். அங்கே ஒரு பழமொழியோ குட்டிக் கதையோ அச்சிட்டிருப்பார்களாம். படித்து முடித்துவிட்டு ரொக்கப் பெட்டியின் பக்கத்தில் ஏற்கனவே சேர்ந்திருந்த தாள்களோடு வைத்தார்.

நாளை தெரசா இறந்த ஊரான ஆல்பாவுக்குப் போகிறோம் என்றேன். உடனே முகம் மாறியது. "அப்படியானால் இந்தப் பதினான்கு லா சாந்தாவுக்குக் கிடைக்காத நாள். தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். ஆனால் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

அவர் சொன்னது இது. தெரசா 1582 அக்டோபர் 4, வியாழன் இரவு இறந்தார். மறுநாள் காலை அடக்கம் செய்தார்கள். அந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. தேதி 15.

நடுவில் ஐந்து முதல் பதினான்கு வரை பத்துத் தேதிகள் அந்த ஆண்டு இந்த நாட்டில் இல்லவே இல்லை. நாங்கள் வந்து இறங்கிய பன்னிரண்டும், நேற்றைய பதின்மூன்றும், அவர் இப்போது சுவரில் காட்டிய பதினான்கும் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்தவை.

காரணம் தெரிந்ததுதான். ஜூலியன் நாள்காட்டியின் ஆண்டு உண்மையான ஆண்டை விடச் சுமார் 11 நிமிடம் நீளம். அது நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்து, வசந்தத்தில் இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 21 இலிருந்து மார்ச் 11 க்கு நழுவிவிட்டது. ஈஸ்டர் கணக்கு அதை நம்பியிருந்தது. திருத்தந்தை 13 ஆம் கிரகோரி 1582 பிப்ரவரியில் ஆணை போட்டார். இரண்டாம் பிலிப்பின் ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலியின் பெரும்பகுதி, போலந்து எல்லாம் அக்டோபரிலேயே மாறிவிட்டன. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை.

பார் முதலாளி காபி இயந்திரத்தைத் தட்டிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "தேதியை வெட்டினார்கள். கிழமையைத் தொட்டார்களா? வியாழனுக்கு அடுத்து வெள்ளிதானே வந்தது!"

மூன்று நாளாக நான் கேட்டுக்கொண்டு திரிந்த இரண்டு கேள்விகளும் எனக்கு அங்கே தனித்தனியாகப் பிரிந்தன. 'எத்தனையில் இருக்கிறோம்' என்பதற்கு அரசனும் திருத்தந்தையும் பதிலை மாற்றலாம். 'இன்று என்ன நாள்' என்பதில் அன்று அவர்கள் கை வைக்கவில்லை. ஏழு நாள் சுற்று, சந்தைக்குப் போகிறவனும் கோயிலுக்குப் போகிறவளும் விரல் விட்டு எண்ணுவது, ஒரு நாளும் தடைபடவில்லை. மணிலாவில் அதையும் எடுத்தார்கள் என்று நேற்று எழுதினேன். அதனால்தான் அந்தச் செவ்வாய் எனக்கு இந்தப் பத்துத் தேதிகளை விடப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

அக்டோபர் 15, செவ்வாய். ஆல்பா தெ தோர்மெஸ்

நேற்று இரவே சாலமன்காவுக்கு வந்துவிட்டோம். அங்கிருந்து ஆல்பா இருபது கிலோமீட்டர் சொச்சம். டாக்சியில் போனோம்.

ஓட்டுநர் வலென்சியாவுக்கு எப்போது என்று கேட்டார். நாளை புதன் என்றேன். "நல்லது, செவ்வாயில் நீண்ட பயணம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அந்தப் பழமொழியைச் சொன்னார். "என் மார்த்தெஸ், நி தெ காசெஸ் நி தெ எம்பார்கெஸ்." செவ்வாயில் கல்யாணமும் வேண்டாம், கப்பலேறவும் வேண்டாம். இந்த நாட்டில் ஆகாத நாள் பதின்மூன்றாம் தேதி வெள்ளி அல்ல, பதின்மூன்றாம் தேதி செவ்வாய்.

அக்காவுக்குச் சொன்னேன். "செவ்வாயோ வெறுவாயோன்னு நம்ம ஆச்சி சொல்வாளே, அதேதான்," என்றாள். அதேதான். மார்த்தெஸில் இருப்பது செவ்வாய்க் கோள். லூனெஸ் நிலவு, மியெர்கோலெஸ் புதன், ஹுவெவெஸ் வியாழன், வியெர்னெஸ் வெள்ளி. ஐந்து நாளும் அதே கோள், அதே வரிசை. வார இறுதியில்தான் பிரிகிறோம். அவர்கள் சனியையும் சூரியனையும் இறக்கிவிட்டு ஓய்வுநாளையும் ஆண்டவர் நாளையும் வைத்துக்கொண்டார்கள். நம்மிடம் சனியும் ஞாயிறும் இடத்திலேயே இருக்கின்றன. ஓட்டுநரிடம் இதைச் சொன்னதும் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். ஒவ்வொரு கோளாகத் திரும்பச் சொல்லச் சொல்லி, ஏழையும் எண்ணிப் பார்த்தார்.

ஆல்பா தோர்மெஸ் ஆற்றங்கரையில் சின்ன ஊர். நீளப் பழம்பாலம், ஆல்பா பிரபுக்களின் கோட்டையில் மீந்திருக்கும் ஒரு கோபுரம், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட பேராலயம் ஒன்று. தெரசா இறந்த மடத்துக் கோயிலில்தான் கூட்டம். கல்லறை பலிபீடத்துக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. வழிபாடு முடிந்து சொரூபத்தை வெளியே எடுத்தார்கள். மேளம், நாதஸ்வரம் போன்ற குழல் ஒன்று, தோளில் சுமப்பவர்கள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாட்டிகள்.

பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியிடம் கேட்டேன். எனக்குப் பதில் தெரியும், அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். "ஆ குவான்தோஸ் எஸ்தாமோஸ், செஞோரா?"

"ஆ கின்ஸே, ஈஹோ. லா சாந்தா." பதினைந்தில், மகனே.

இறந்த நாளில் அவருக்குத் திருநாள் வைக்கவில்லை. அக்டோபர் 4 அசிசியின் புனித பிரான்சிஸுக்கு உரியது. அடுத்த நாளையே வைத்தார்கள். அதற்குப் பத்து எண் தள்ளி இடம் கிடைத்தது. எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற எந்தக் கணக்கும் பாட்டிக்கு வேண்டாம். பதினைந்து என்றால் லா சாந்தா, அவ்வளவுதான்.

மாலை சாலமன்கா. பிளாசா மயோரில் கடிகாரத்தின் கீழேதான் இந்த ஊர் ஆட்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். 1218 இல் தோன்றிய இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கும் நேற்றைய கதையில் பங்கு உண்டு. நாள்காட்டியை எப்படித் திருத்தலாம் என்று ரோம் கேட்டபோது இங்கிருந்த அறிஞர்கள் 1515 இல் ஓர் அறிக்கையும் 1578 இல் இன்னொன்றும் எழுதினார்கள். 1515 தெரசா பிறந்த ஆண்டு. அவர் வாழ்நாள் முழுக்க அந்தப் பத்து நாள் வெட்டு தயாராகிக்கொண்டே இருந்திருக்கிறது.

அக்டோபர் 16, புதன். வலென்சியா

முழு நாளும் ரயிலில். எழுத அதிகமில்லை.

எதிர் இருக்கையில் இருந்தவர் தன் மகளுடன் போனில் பேசியது காதில் விழுந்தது. 'ஓச்சோ தியாஸ்' கழித்து வருகிறேன் என்றார். எட்டு நாள் என்றால் ஒரு வாரம். 'கின்ஸே தியாஸ்', பதினைந்து நாள் என்றால் இரண்டு வாரம். இன்றையும் சேர்த்து எண்ணும் கணக்கு. நம் வீடுகளிலும் பதினைந்து நாள் லீவு என்றால் இரண்டு வாரம்தானே. இப்போதுதான் மொழி படிப்பவர்களுக்கு ஒன்று: முதல் தேதியை இங்கே பெரும்பாலும் 'ஊனோ' என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷில் 'பிரிமேரோ', முதலாம் நாள். மற்ற எல்லாத் தேதிக்கும் வெறும் எண் போதும். எழுதும்போது கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து கிடையாது. பழைய கல்வெட்டுகளில் மாதம் ரோமன் எண்ணில் இருக்கும். பத்தாம் மாதத்துக்கு எக்ஸ். புதனின் எக்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அக்டோபர் 17, வியாழன். வலென்சியா

இந்தப் பயணத்தின் நாட்களை நான் அமைத்ததே இன்றைக்காகத்தான்.

வலென்சியா பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில், வியாழன்தோறும் நண்பகலில், தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர்தான் நீதிபதிகள். வக்கீல் இல்லை, எழுத்து இல்லை, மேல்முறையீடு இல்லை. யார் முறை வராமல் மடையைத் திறந்தான், யார் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டான் என்பதெல்லாம் இங்கே பேசித் தீர்கிறது. முஸ்லிம் ஆட்சிக் காலத்திலிருந்து வருவது என்பது மரபு. வெள்ளி தொழுகை நாள் என்பதால் முந்தின நாளான வியாழனை வைத்தார்கள் என்று ஊரில் காரணம் சொல்கிறார்கள். அரசுகளும் மதமும் மாறின. 1582 இல் தேதி பத்து எண் தாண்டியது. வியாழன் மாறவில்லை. 2009 இல் இந்த நீதிமன்றம் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது.

பதினொன்றரைக்கே சதுக்கத்தில் இடம் பிடித்தோம். வாயிலின் முன் அரைவட்டமாக இரும்பு வேலி, உள்ளே மரமும் தோலும் சேர்த்த பழைய நாற்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாய்க்காலின் பெயர். பேராலய மணி பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு மேலங்கி அணிந்த எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். உழைத்துக் காய்த்த கைகள். சேவகர் பித்தளைக் கொக்கி வைத்த நீண்ட கோலோடு எழுந்து, தலைவரிடம் அனுமதி கேட்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"தெனுன்சியாத்ஸ் தெ லா செக்கியா தெ குவார்ட்!"

குவார்ட் வாய்க்காலில் குற்றம் சாட்டப்பட்டவர்களே, வாருங்கள். ஸ்பானிஷ் அல்ல, வலென்சிய மொழி. இங்கே வியாழனும் ஹுவெவெஸ் இல்லை, 'திஜோவ்ஸ்'. யாரும் வரவில்லை. அடுத்த வாய்க்கால். யாரும் இல்லை. எட்டும் முடிந்தது. எட்டுப் பேரும் எழுந்து போனார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. அக்காவுக்கு ஏமாற்றம் இல்லை. "வழக்கு இல்லாட்டியும் வந்து உட்கார்றாங்க பாரு. அதனாலதான் வழக்கு வரலை," என்றாள். எனக்கும் அதுதான் பட்டது.

வழக்கு இருந்தால் எப்படி நடக்கும் என்று பக்கத்தில் நின்ற முதியவரிடம் கேட்டேன். ஹுவெர்தா என்னும் பாசன வெளியில் ஆரஞ்சும் வெங்காயமும் போடுபவராம். வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் சேரமாட்டார். மற்றவர்கள் அங்கேயே கூடிப் பேசித் தலைவர் சொல்வார். அபராதம் கட்டியாக வேண்டும்.

"இன்று எத்தனையாம் தேதி?" என்று வழக்கம்போல் கேட்டேன்.

அவர் யோசித்தார். "பதினாறோ பதினேழோ. மனைவிக்குத் தெரியும். இன்று வியாழன்."

"வியாழன் விடுமுறை நாளாக வந்தால்?"

"முந்தின புதன் கூடுவோம். தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, வாரத்தைத் தாண்ட விட முடியுமா?"

வருகிறவர்களுக்கு: விர்ஹென் சதுக்கத்துப் பக்க வாயில், பன்னிரண்டுக்கு அரைமணி முன்னால் போய்விடுங்கள், வேலியின் இடது ஓரத்தில் நின்றால் சேவகரின் முகம் தெரியும். அந்த வாரம் வியாழன் விடுமுறையா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். "கே தியா எஸ் ஓய்" போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.